முப்பது மீட்டர்

நவெல்புதா மலைச்சரிவில்
என் வேலை நீலப் பெயிண்ட்.
ஓடைக்கு இந்தப் பக்கம் முப்பது மீட்டர்,
அந்தப் பக்கம் முப்பது.
டேப்பை இழுத்துப் பிடித்து
எல்லை மரத்துக்கு ஒரு வளையம் போடுவேன்.
வளையத்துக்குள் இயந்திரம் வரக்கூடாது.
வெளியே நிற்பதெல்லாம்
காகிதக் கூழ்.

பைன்களுக்கு இருபத்திரண்டு வயசு.
ஹெக்டேருக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது என்று
நட்டவன் போட்ட கணக்கு
இன்னும் வரிசை கலையாமல் நிற்கிறது.
அடியில் புல் இல்லை.
பூட்ஸ் சத்தம்கூட
ஊசியிலை மெத்தைக்குள் போய்விடும்.

ஓடையின் குறுக்கே ஒரு தகரப் பலகை,
நடுவில் முக்கோணமாய் வெட்டிய வாய்.
வழியும் நீரின் உயரம் பார்த்து எழுதுவேன்.
பிப்ரவரி, இங்கே உச்சக் கோடை: நான்கு சென்டிமீட்டர்.
அடுத்த பிப்ரவரி: ஒரு விரல்.
அதற்கும் அடுத்ததில்
தகர வாயில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.
எழுத வேறொன்றும் இல்லை.

சரிவின் அடியில் எதெல்மிரா காயுபானின் வீடு.
வியாழக்கிழமை முனிசிபல் லாரி வரும்,
வாரத்துக்கு இரண்டு பீப்பாய்.
பாத்திரம் கழுவியது ஆப்பிள் மரத்துக்கு,
மிச்சத்தின் மிச்சம் செம்மறிகளுக்கு.
வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள்:
"உன் முப்பது மீட்டர்
வேருக்குத் தெரியுமா?"
நான் டேப்பைச் சுருட்டினேன்.
அன்றைக்கென்று அது
சுருண்டு முடியவே இல்லை.

ஏப்ரலில் வெட்டினார்கள்.
பிடித்து, அறுத்து, கிளை சீவி, துண்டு போட
ஒத்தோனியேலின் இயந்திரத்துக்கு
மரத்துக்கு நாற்பது விநாடி.
என் வளையம் ஒன்றைக்கூட அவன் உரசவில்லை.
சான்றிதழ்க்காரர்கள் வெள்ளை ஹெல்மெட்டில் வந்து
வளையங்களைப் படமெடுத்துப் போனார்கள்.
செம்மண் கரையாமல் இருக்கக்
கிளைக்குப்பையைக் குறுக்கே குவித்துவிட்டு
மொட்டைச் சரிவைப் பார்க்காமல்
வண்டியைத் திருப்பினேன்.

அடுத்த பிப்ரவரி.
தகர வாயில் பதினொரு சென்டிமீட்டர்.
அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
பதினொன்றுதான்.
எதெல்மிராவின் கிணற்றடியில்
வானம் ஒரு துண்டு திரும்பி வந்திருந்தது.
"பக்கத்து வீட்டுக்குப் போ" என்று
லாரிக்காரனை அனுப்பிவிட்டாள்.
எனக்குச் சூடாய் ஒரு ரொட்டி.

மே மாதம் என் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
தட்டுத் தட்டாய்க் கன்றுகள்,
சாண் உயரம், இளம்பச்சை.
ஒன்றும் சொல்லவில்லை.
நான் நின்றுகொண்டிருக்கும்போதே
கதவைச் சாத்தினாள்.

அலுவலகத்துக்கு எழுதினேன்:
ஊற்றைச் சுற்றிப் பதினான்கு ஹெக்டேர்
நடாமல் விடவும்.
காரணம் என்ற கட்டத்தில்
நீர்மட்டம், தேதி, வரைபடம்.
கூழின் விலை அவர்களுக்குத் தெரியும்.
கிணற்றின் விலைக்குக் கட்டமே இல்லாததால்
ஓரத்தில், பென்சிலில்.
ஆறு வாரத்தில் பதில் வந்தது: ஐந்து ஹெக்டேர்.
மீதியை ஜூலையில் நட்டோம்.
நானும் நட்டேன்.

ஐந்து ஹெக்டேரில் கோயிகுவே வைத்தோம்,
ஈரமான இடத்தில் கனேலோ.
பைன் கேட்டுக்கொண்டா வருகிறது?
ஒற்றைச் சிறகோடு விதை பறந்து
நீல வளையத்துக்கு உள்ளே முளைத்திருக்கிறது.
அதற்கும் முப்பது மீட்டர் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிடுங்குகிறோம்.
கம்பெனிக் கணக்கில் வராத வேலை.
அவள் இருநூறு பிடுங்கினால் நான் நூற்றிருபது.
வேர் மேலே பார்க்கப் போட வேண்டும்,
இல்லாவிட்டால் ஒரு மழைக்குத்
திரும்பவும் பிடித்துக்கொள்ளும்.

போன ஞாயிறு ஒத்தோனியேலும் வந்தான்.
லீவர் பிடித்தே பழகிய கை,
கன்றைப் பாதியில் முறித்துவிடுகிறது.
"அடியில பிடி" என்று அதட்டினாள்.

"மேலே நட்டது எப்ப குடிக்க ஆரம்பிக்கும்?"
"எட்டு வருஷம் ஆகலாம்."
"அப்ப எட்டு வருஷம் தண்ணி"
என்றாள், ரொட்டியை மூன்றாய்ப் பிட்டு.
என் பங்கில்
பிசின் வாசம்.