டீசலுக்கு மூன்று துளைகள்

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
டெட்டால் நெடியைத் தாண்டிக்கொண்டு
படியிலேயே மீன் வாசனை வந்துவிட்டது.
முதுநகர் துறைமுகத்தின் நாய்
ஐஸ் சுமக்கும் கூடையில் வந்து இறங்கியது.
பெயர் டீசல்.
படகுக்கு எண்ணெய் ஊற்றும் பங்க்கின் நிழலில்
பிறந்ததால் அந்தப் பெயர்.
நான்கு ஈற்றில் இருபத்திரண்டு குட்டி,
மிஞ்சியது மூன்று.
அதில் ஒன்று மீன் லாரியில் ஏறி
கேரளா போய்விட்டதாக அஞ்சலாட்சி சொல்கிறாள்,
மகனுக்கு வேலை கிடைத்த மாதிரி.

நான் கேமரா பிடிப்பவள்.
டாக்டர் நிலோஃபர் இரண்டு கையாலும் வேலை செய்ய
அவருடைய கண்ணை நான் பிடித்திருக்க வேண்டும்.
என் கை நடுங்கினால்
திரையில் உலகமே நடுங்கும்.

மயக்க ஊசி. ஒருபுறம் தொங்கும் நாக்கு.
சிரைத்த வயிற்றில் தளர்ந்த காம்புகள் இரண்டு வரிசை.
சட்டைப் பொத்தான் துளையளவு ஒரு கீறல்,
அதன் வழியே வாயு.
எண்ணெயில் விழுந்த பூரியாய் வயிறு எழும்புகிறது.
சோடாவில் குமிழ்விடுகிற அதே வாயுதான் என்று
முதல் நாள் டாக்டர் சொன்னதிலிருந்து
கோலி சோடா உடைக்கும்போதெல்லாம்
ஏதோ ஒரு வயிறு ஞாபகம் வருகிறது.

உள்ளே போனேன்.
அப்படித்தான் சொல்வேன், உள்ளே போனேன் என்று.
ஈரமான வெளிச்சம்.
மூச்சுக்கு மூச்சு அசைந்து கொடுக்கும் மண்ணீரல்.
மடித்துப் போட்ட வலையாய்க் குடல்.
மேசையைச் சாய்க்கிறோம்,
எல்லாம் ஒரு பக்கம் சரிகிறது,
சிறுநீரகத்துக்குக் கீழே
கொழுப்புப் பொட்டலத்துக்குள் சினைப்பை.
புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு.
இருபத்திரண்டும் இங்கேயிருந்துதானா?

கரண்ட் போனது.

இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ள எடுத்த இரண்டு நொடியில்
எங்கள் மூச்சும் டீசலின் மூச்சும்
தனித்தனியாகக் கேட்டன.
"அங்கியே இருக்கியா?" என்றார் டாக்டர்.
அங்கேயேதான் இருந்தேன்.

கவ்வி, சுட்டு, வெட்டி.
ஊதுவத்தி அணைந்த மாதிரி ஒரு புகை.
ரத்தம் என்று சொல்ல ஒரு சொட்டு.
இடது. பிறகு வலது.
கர்ப்பப்பையைத் தொடவே இல்லை.
எஃகுக் கிண்ணத்தில் 'டிக்' என்று விழுந்தது.
அந்தச் சத்தத்துக்கு நான் இன்னும் பழகவில்லை.

வெளியே கொண்டுவந்ததும்
அஞ்சலாட்சி பிளாஸ்டரை எண்ணினாள்.
"மூணு பொட்டு. இவ்ளோதானா?"
"நீளமா கிழிக்கலம்மா, கேமரா வச்சி..."
"தெரியும்" என்றாள்.
"எனக்கும் இதான். முகாம்ல.
ரெண்டாவது பொண்ணு பொறந்த மூணாம் மாசம்.
வரிசையா பதினோரு பேரு. நான் ஏழாவது."
டாக்டரின் பேனா சீட்டின் மேல் நின்றிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.
வயிற்றைத் தொடவில்லை. தையலைப் பார்க்கவில்லை.
முன்னங்காலுக்கு மேலே, தோள்பட்டையில்
கட்டைவிரலை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.
"இங்கதான் வலிக்கும். காத்து மேல ஏறி நிக்கும்.
ரெண்டு நாளைக்கு உசுரு போவும்.
வயித்துல ஆப்ரேசன் பண்ணா தோளு எப்பிடிடி வலிக்கும்னு
எங்க வீட்டுக்காரரு நடிப்புன்னுட்டாரு."

எங்கள் அச்சடித்த தாளில் அது இல்லை.
மாத்திரை இருக்கிறது, கழுத்துக் கூம்பு இருக்கிறது,
பத்து நாள் குளிப்பாட்டாதீர்கள் இருக்கிறது.
டீசல் பாதிக் கண் திறந்தது.
முனகல் நின்றது.
மயக்கம் திரும்ப இழுத்ததோ என்னவோ, தெரியாது.

மூன்றாம் நாள் விடிகாலை
இறால் வாங்கப் போனபோது பார்த்தேன்.
கழுத்துக் கூம்பை யாரோ கழற்றி
நெத்திலி அளக்க வைத்திருந்தார்கள்.
ஏலக் கூச்சலுக்கு நடுவே டீசல் படுத்திருந்தது,
போகிற வருகிற காலுக்கெல்லாம்
தோளைக் காட்டிக்கொண்டு.