ஒற்று மிகும் இடம்

கிரிம்ஸ்பியில், கொதிகலனுக்கு அடுத்து
துடைப்பங்கள் இருந்த சிற்றறைதான் எங்களுக்கு.
மேசை ஒன்று. நாற்காலி ஐந்து.
ஜன்னலைத் திறந்தால் மீன் புகையிடும் வாடை,
மூடினால் ஈரக் கோட்டுகளின் வாடை.
ஒன்பதேகால் முதல் பத்து வரை
நான்கு பிள்ளைகள், நான்.

முதலில் தாடைக்குக் கீழே கை.
ஹாடக் என்கிறோம்.
தாடை இருமுறை கையில் இடிக்கிறது. இரண்டு அசை.
மாக்கரல் மூன்று என்கிறது அட்டை.
டில்லி ப்ளாங்கின் தாடைக்கு எப்போதும் இரண்டுதான்.
மீன் ஏலத்தில் அவள் மாமா அப்படித்தான் கூவுவாராம்.
அட்டையை மடித்து வைத்தேன்.

பிறகு கதவுகள்.
உயிருக்குப் பின்னால் மெய் வந்து கதவடைத்தால்
உயிர் குறுகி உட்காரும்:
காட், நெட், ஷிப்.
பின்னால் யாரும் இல்லையென்றால்
காலை நீட்டிக்கொள்ளும்:
கோ, நோ, ஷீ.
"அப்போ டூ? அதுக்கென்ன கேடு?" என்றான் யுர்கிஸ்.
அவன் வீட்டு லிதுவேனிய மொழியில்
எழுதியிருப்பதைப் படித்தால் போதும்.
இங்கே எழுதியிருப்பதை விசாரிக்க வேண்டும்.

விசாரணையில் முக்கிய சாட்சி, ஈ.
சொல்லின் கடைசியில் வந்து உட்காரும்.
ரீங்கரிக்காது.
ஆனால் அது உட்கார்ந்ததுமே
ஒரு மெய்க்கு அப்பால் இருக்கும் உயிர்
திடுக்கிட்டுத் தன் பெயரைச் சொல்லிவிடும்.
கிட், கைட் ஆகும். நாட், நோட் ஆகும்.
ஹாப், ஹோப் ஆகும்:
ஒற்றைக்காலில் தத்துவது
நம்பிக்கை ஆகும்.

லவ், கிவ், கம், டன்.
ஈ உட்கார்ந்தும் அசைந்துகொடுக்காத சொற்கள்.
சிவப்பு அட்டையில் எழுதி
பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
மூடி இப்போதெல்லாம் மூடுவதில்லை.

வால் சேர்க்கும் வாரம் வந்தது. இங்.
இங் வந்தால் ஈ பறந்துவிடும்,
நெடில் நெடிலாகவே நிற்கும்.
குறில் குறிலாக நிற்க வேண்டுமானால்
முட்டுக்கொடுக்க இன்னொரு ப் வேண்டும்.
இது ஒற்று மிகும் இடம், என்றேன்.
இது மிகா இடம், என்றேன்.
ஆளுக்கொரு வாக்கியம் எழுதுங்கள், என்றேன்.

ரேஃப் எல்லர்பி,
எழுத்தே ஏறவில்லை என்று செப்டம்பரில் அனுப்பப்பட்டவன்,
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்:
கட்டிலை விட்டு எழுந்து வர அப்பா,
அடுத்த சொல்லில் இரண்டு ப்.
பாவம், நம்புகிறார் என்று எழுத வந்து
தத்துகிறார் என்று எழுதிவிட்டான்.
பச்சைப் பேனாவை எடுத்தேன்
(சிவப்பு இங்கே தடை).
ஒரு ப்-யின் மேல் சின்னதாய் ஒரு கோடு.

கோட்டைப் பார்த்தான்.
தாடைக்குக் கீழே கை வைத்து
ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.
பிறகு எழுந்து
இடது காலை மடக்கிக்கொண்டு
கொதிகலன் சுவரைப் பிடித்துப் பிடித்து
மேசையைச் சுற்றி வந்தான், தத்தித் தத்தி.
"கடல் காத்தாடி ஏணியில வழுக்கிட்டாரு, மிஸ்.
மாவுக்கட்டு இதுவரைக்கும்."
தொடையைத் தொட்டுக் காட்டினான்.
"இப்படித்தான் வர்றாரு. ரெண்டு ப்-தான்."

ஏழு தத்தல், என்றான் எண்ணிக்கொண்டிருந்த யுர்கிஸ்.

அடித்த எழுத்தின் அடியில் புள்ளிகள் வைத்தேன்.
இருந்துவிட்டுப் போகட்டும் என்பதற்கான குறி அது.
அவர்களுக்கு அதை இன்னும் சொல்லித்தரவில்லை.

"அப்போ ஒத்தை ப் யாருக்கு?" என்றேன்,
சமாளிக்கத்தான்.

"அது அம்மாவுக்கு,"
என்றான், கோட்டுப் பொத்தானை
மாற்றிப் போட்டுக்கொண்டே.