கொக்கி பிடிப்பவள்

ஆரஞ்சு நிறக் கேபிளை யார் தொட்டாலும்
இரண்டு மீட்டர் தள்ளி இன்னொருவர் நிற்க வேண்டும்.
நார்விக் பட்டறைச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது.
நிற்பவர் கையில் கொக்கி:
மின்சாரம் ஏறாத மஞ்சள் கம்பு,
முனையில் ஓர் ஆளின் இடுப்பு அடங்கும் வளைவு.
நானூறு வோல்ட் பிடித்துக்கொண்டால்
கை தானாக விடாது.
ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்காதே, நீயும் போவாய்.
கொக்கியை மாட்டு. இழு.

இன்று தொடுபவன் ஆஸ்லே.
நிற்பவள் நான்.
நாங்கள் பேசி நான்கு வருடமும் ஒரு குளிர்காலமும் ஆகிறது.

மீன் ஏற்றும் வேன். இடது முன்சக்கரம்.
ஐந்து போல்ட்டில் மூன்றை முறுக்கிவிட்டு
போன் அடிக்கிறதே என்று போனேன்.
சுரங்கப்பாதைக்கு முன்னால் சக்கரம் தனியாக ஓடியது.
யாருக்கும் ஒன்றுமில்லை, சாலையெங்கும் காட் மீன்.
முதலாளி வரிசையில் நிறுத்திக் கேட்டார்.
"யோருன்" என்றான் ஆஸ்லே.
ஒரே சொல்.
பொய்யாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அப்போது பேசாமல் இருப்பது சுலபம்.
கம்ப்ரஸர் அலறும், டீசல் இஞ்சின் இருமும்,
அவன் பள்ளத்தில் அவன், என் பள்ளத்தில் நான்.
அத்தனை இரைச்சலுக்குள்
ஒரு சண்டையை வருடக்கணக்கில் ஒளித்து வைக்கலாம்.

ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து
எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்வேன்.
இதைக் கேட்டதும் சிலர் பெருமூச்சு விடுகிறார்கள்.
வேண்டாம்.
விரலிடுக்கு வெடித்து ரத்தம் கசியும்,
பெட்ரோலில்தான் கை கழுவினோம்.
இப்போது எனக்குக் கை சுத்தம்
(எந்த அர்த்தத்தில் என்று ஆஸ்லேயைக் கேட்காதீர்கள்).

இன்றைய கார் வெள்ளை, ஆறு வயது.
அது வந்து சேர்வதற்கு முன்பே
அதன் குறை வந்து சேர்ந்துவிட்டது திரையில்.
சொந்தக்காரி பெர்கிட் காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்து
"சத்தமே போடவில்லையே, அதற்கு என்ன வியாதி?" என்கிறாள்.

ஆஸ்லே கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறான்.
மோதிரத்தை...
இல்லை, விரலைத் தடவுகிறான், பழக்கத்தில்.
அங்கே வெளுத்த வட்டம் மட்டும்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
யார் சொல்வார்கள்?

ரப்பர் கையுறையை மணிக்கட்டிலிருந்து சுருட்டி
உள்ளே அடைபட்ட காற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறான்,
ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கன்னத்துக்குத் தெரியும்.
பிளக்கைப் பிடுங்குகிறான், பூட்டுகிறான்,
சாவியைத் தன் பாக்கெட்டில் போடுகிறான்.

பிடுங்கிய பிறகும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் உட்கார்ந்திருக்கும்.
பத்து நிமிடம்.
அதுவாக வடிய வேண்டும், அவசரப்படுத்த முடியாது.

நண்பகல். வெளியே நீல இருட்டு.
இரும்புத் தாது ரயில் ஒன்று
துறைமுகத்துக்கு இறங்குகிறது, தீராமல்.
அதைப் பார்க்க எனக்கு அனுமதியில்லை.
கண்கொத்திப் பாம்பாக அவன் கையையே பார்க்கிறேன்.
கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது.
இடது கை லேசாக நடுங்குகிறது, நடுக்கம் புதிது.
என் மணவாழ்க்கையில்கூட
ஒருவரை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மீட்டரின் முனைகளை வைக்கிறான்.
எண்ணை அவன் உரக்கச் சொல்ல வேண்டும்,
நிற்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.
அதுவும் சட்டத்துக்குள் இருக்கிறது, நான்காவது வரி.

"பூஜ்யம்" என்றான்.

தொண்டையில் ஏதோ துருப்பிடித்திருந்தது.
அவன் காத்திருந்தான், முனைகளை எடுக்காமல்.

"பூஜ்யம்" என்றேன்.

பிறகு வேலை.
ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பெட்டி மாறியது.
பெர்கிட் ஓட்டிப் போனாள், பனி நசுங்கும் சத்தம் மட்டும்.
கொக்கியை மாட்டப் போனேன்,
ஆஸ்லே கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

நாளை என் முறை. ஒரு டாக்ஸி.
பேட்டரி மூடிக்கு நாற்பத்திரண்டு போல்ட்.
கொக்கியோடு நின்று
அவன் ஒவ்வொன்றாக எண்ணுவான், தெரியும்.
எண்ணட்டும்.