மூச்சுக் கணக்கு

மனாவுசுக்கு வடக்கே
செம்மண் பாதை தீர்ந்துபோகிற இடத்தில் லாரி நிற்கும்.
வால்டெசிர் உருளைகளை உருட்டி இறக்குவான்.
சோடாவில் குமிழ் விடுகிற அதே வாயு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதுபோல்
கூண்டுக்கு இவ்வளவு என்று அளந்து விடுவார்கள்.
லாரி விட்டுப்போன புகைக்கு மட்டும் தாள் கிடையாது.

ஜுசிலேனி மண்டியிடுகிறாள்.
மேலே திறந்த பிளாஸ்டிக் கூண்டு,
உள்ளே ஓர் இங்கா கன்று.
எட்டு வருடமாக அவள் முழங்கால் உயரம்.
வளரவில்லை, சாகவுமில்லை.

இந்தத் தரைக்கு வெயில் சில்லறையாகத்தான் வரும்.
நாற்பது மீட்டர் மேலே ஒரு கிளை நகர்ந்தால்
ஒரு காசு விழும்,
பதினோரு விநாடி இலையில் கிடக்கும்,
பிறகு பக்கத்து வேருக்கு உருண்டுவிடும்.
இலை தூக்கம் கலைந்து
துளைகளை ஒவ்வொன்றாகத் திறப்பதற்குள்
வந்தவர் போயிருப்பார்.

கூண்டுக்குள் கதை வேறு.
கதவைப் பாதி திறந்தாலே சரக்கு உள்ளே வந்துவிடுகிறது.
அதே பதினோரு விநாடியில்
கொஞ்சம் கூடுதல் சர்க்கரை.
அந்தக் கொஞ்சத்தைத்தான்
அவள் மாதம் இருமுறை எழுதுகிறாள்.

கவ்வியை இலையில் மாட்டும்போது மூச்சு விடக்கூடாது.
விட்டால் எண் துள்ளும்.
முதல் வாரம் துள்ளியதையெல்லாம் சிவப்பில் அடித்து
ஓரத்தில் எழுதியிருந்தார்கள்:
தும்மல். தும்மல். சிரிப்பு.

மார்ச்சில் பெருங்காற்று.
அஞ்ஜெலிம் மரம் ஒன்று
தன்னோடு ஏழு மரங்களை இழுத்துக்கொண்டு சாய்ந்தது.
கூண்டுகள் தப்பின.
வெளியே நின்ற பதினான்காம் எண்ணின்மேல்
வானம் முழுசாக வந்து விழுந்தது.

சில்லறைக்கே பழகிய இலைகள்
அவ்வளவையும் வாங்கிவைக்க இடமில்லாமல்
நான்கே நாளில் வெளுத்தன.
ஜுசிலேனி தொப்பியைக் கழற்றினாள்,
நிழலாகப் பிடிக்க.
விதி நினைவுக்கு வந்தது.
மறுபடி போட்டுக்கொண்டாள்.

யாரும் நடாத கொடி ஒன்று
கூண்டின் விளிம்பேறி உள்ளே தலை நீட்டியது.
கன்றுக்கென்று அளந்த வாயுவை
கன்றைவிட வேகமாகக் குடித்தது.
அதையும் எழுதினாள்.

மே மாதம் பாதை அறுந்து லாரி வரவில்லை.
ஒன்பது நாள் கூண்டுக்குள்ளும்
எல்லோருக்குமான காற்று.
அளக்க ஒன்றுமில்லாத அந்த மத்தியானம்
பதினான்கிடம் போனாள்.
எரிந்த இலைகள் உதிர்ந்த கணுவில்
புதிதாக இரண்டு:
சிறியவை, தடித்தவை,
தோலைப்போல் பளபளப்பவை.

சுற்றும் பார்த்தாள்.
குனிந்து, ஒன்றரை வருடமாக அடக்கியதையெல்லாம்
வாய் திறந்து
மெதுவாக
அதன்மேல் விட்டாள்.

காற்று உடனே கலைத்துக்கொண்டு போயிருக்கும்.
அவளுக்கும் தெரியும்.