மூன்றில் ஒரு பங்கு

பில்லிங்ஸ் தாண்டி டீசல் போட்டோம்,
நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
ரசீதின் முதுகில் வெர்னா கணக்கெழுதினாள்:
வண்டி அவளுடையது, டிரெய்லர் என்னுடையது,
டயர் தேய்மானம் யார் தலையில்?
டெல்ஃபீனின் குதிரை உதைத்து நெளித்த தகரம்
தனிக்கணக்கு என்றேன்.
சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

திரும்பும்போது இரண்டு குதிரைகள்தான்.
தன்னுடையதை டெல்ஃபீன்
மைல்ஸ் சிட்டியிலேயே விற்றுவிட்டாள்,
பல்லில் கம்பி போட்ட ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு.
"வரும் வழிக்கு நீ தரவேண்டாம்," என்றாள் வெர்னா.
அவள் பதில் பேசவில்லை.
முப்பத்தேழு டாலர், முப்பத்துமூன்று சென்ட்
எண்ணி டாஷ்போர்டில் வைத்தாள்.
வளைவுகளில் சில்லறை உருண்டது.
வெறும் தலைக்கயிறு அவள் மடியில்.

தகரத்துக்கு நான் பில் போடவில்லை.
இன்னும் தட்டி நிமிர்த்தவும் இல்லை.