நாற்பத்தெட்டு வோல்ட்

"மேடம், பின்னாடி இன்னாவோ கொய்யுனு கேக்குது" என்றார்
லாங்கு பஜார் ஜவுளிக்கடைக்காரர்.
ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் கட்டிவிடும் குரல் என்னுடையது.
முப்பது நொடி, எண்ணூறு ரூபாய்.
கொய்யுக்குக் காசு கிடையாது.

தோட்டப்பாளையத்தில் பத்துக்கு எட்டு அறை.
சுவரெல்லாம் ரஜாய், கதவிடுக்கில் பழைய நைட்டி.
நடுவில் கண்டென்சர் மைக்,
நாற்பத்தெட்டு வோல்ட்டைக் குடித்துவிட்டு
நான் சொல்வதைத் தவிர மற்றெல்லாம் கேட்கிற காது.

முதலில் ஃபேனை நிறுத்தினேன்.
ஆனி மாத வேலூரில் நான்தான் உருகினேன்,
சத்தம் உருகவில்லை.
பிறகு ஃப்ரிட்ஜ். மறுநாள் பால் திரிந்தது.
பிறகு ட்யூப்லைட். இருட்டில்
பட்டுச்சேலையைப் பாட்டுச்சேலை என்று படித்தேன்.
கேபிளை மாற்றினேன்.
கெயினைக் குறைத்து வாயைக் கிட்டே கொண்டுபோனேன்.
மழைக்கு மறுநாள் படபடவென்று வெடித்ததே, அது வேறு வியாதி.
ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து தில்ஷாத்
கைப்பை நிறையக் கொண்டுவந்த சிலிகா ஜெல்லில்
அது அன்றே அடங்கிவிட்டது.
இது விடாத ஒரே சுருதி,
பாட ஆள் வராத கச்சேரியில் தம்புரா மாதிரி.

கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன்.
நின்றது.
செருகினேன்.
வந்தது.
பிடுங்கிச் செருகிப் பிடுங்கி
கால்மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

துரைக்கண்ணு டெஸ்டரோடு வந்தான்.
"எர்த்து செத்துப்போச்சுக்கா. குழி காஞ்சிகினு கீது."
பாலாறே மணலாய்க் கிடக்கிற ஊரில்
எர்த்துக் குழி மட்டும் ஈரமாகவா இருக்கும்.
இரண்டு கிலோ கல்லுப்பு, ஆறு குடம் தண்ணீர்.
வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்:
"இன்னா செடிம்மா அது?"
"கரண்டு செடி சார்."
மோட்டார் பில்லை நினைத்தபடி உள்ளே போய்விட்டார்.

கொய் போயிற்று.
அது போனபின்தான் அதற்கு அடியில் கிடந்தது கேட்டது.
டுக்... ஸ்ஸ்.
டுக்... ஸ்ஸ்.
நாலு நொடிக்கு ஒன்று.

மேல்வீடு.
அசன்சோலிலிருந்து சி.எம்.சி.க்கு வந்தவர்கள்.
கட்டிலில் கணவர், பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின்.
மாடிப்படியில் மௌஷுமி என்னை நிறுத்தி
மேலே கைகாட்டி, காதைத் தொட்டு,
"ஸவுண்டு?" என்றாள்.
தலையை ஆட்டினேன்,
ஆமாம் என்றா இல்லை என்றா
எனக்கே தெரியாத ஓர் ஆட்டு.

சார்ஜரைப் பிடுங்கலாம். இதை?

ராத்திரி மூன்றேகாலுக்குக் கரண்டு போனது,
பதிவு ஓடும்போதே.
தெரு மொத்தமும் ஒரே அடியில் அணைந்தது.
லேப்டாப் பேட்டரியில் மைக் மட்டும் விழித்திருந்தது.
திரையில் கோடு படுத்துவிட்டது, எறும்பு ஏறாத நூல் மாதிரி.
ஒரு மாதமாக நான் அலைந்த அமைதி.
வாயைத் திறந்தால் எண்ணூறு ரூபாய்.

திறக்கவில்லை.
ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு
கெயினைத் திருகினேன், முழுக்க,
மைக்கின் சொந்த மூச்சே இரைகிற அளவுக்கு.
நாலு நொடி.
எட்டு.
பன்னிரண்டு.
வெறுங்கால் ஓடுகிறது.
தரையில் சிலிண்டர் இழுபடுகிறது.
துருப்பிடித்த திருகு கீச்சிடுகிறது, நிற்கிறது,
இன்னொரு முறை கீச்சிட்டு

ஸ்ஸ்ஸ்ஸ்.

அப்புறம்தான் நான் மூச்சு விட்டேன்.
அதுவும் பதிவாகியிருக்கிறது,
மற்ற எதையும்விடக் கொஞ்சம் பெரிய கோடாக.

நாலு மணிக்குக் கரண்டு வந்தது.
ஃப்ரிட்ஜ் முனகி எழுந்தது.
டுக்... ஸ்ஸ்.
நைட்டியை மறுபடி இடுக்கில் திணித்தேன்.
"வேலூர் வாழ் தாய்மார்களே" என்று தொடங்கினேன்,
ஒரு டுக்குக்கும் அடுத்த டுக்குக்கும் நடுவே
எத்தனை சொல் போகும் என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டு.