பியானோவின் கால்

வரவேற்பறையில் மாட்ட
பங்களாவின் வரலாறு வேண்டுமாம், ஒரு பக்கத்துக்குள்.
'உனக்குத்தான் எழுத வரும்' என்று
என் மேசையில் போட்டுவிட்டுப் போனார் மேனேஜர் தங்கச்சன்,
மாடியில் கிடைத்த
கரையான் மிச்சம் வைத்த கணக்குப் புத்தகத்தை.

ஹார்விக் துரை கட்டியது.
ஈட்டிப் பலகைத் தரை, ஐந்து கணப்பு,
வண்டிப்பெரியாற்று மழையைப் பார்த்தபடி பதினாறு ஜன்னல்.
தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்தில்
ஆற்றங்கரை லயம் போனது.
பங்களா மேட்டில் இருந்தது.

துரைசாணிக்கு ஒரு பியானோ வந்தது.
கம்பத்திலிருந்து குமுளி ஏற்றம்,
பன்னிரண்டு பேர் தோள், நாலு நாள்.
கருக்கலில் ஒரு மரப்பாலம் வழுக்கியிருக்கிறது.
சிவப்பு மையில் இருக்கிறது:
பியானோ கால் ஒன்று முறிவு. தச்சுக்கூலி ரூபாய் நாலு.

மூக்கனின் காலுக்கு ஒரு வரிகூட இல்லை.
அதற்கு வேறு ஏடு.
மூன்றாம் டிவிஷனில் எங்களை இன்றும்
நொண்டி மூக்கன் வகையறா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த என் தம்பி
'நொண்டி வீட்டுப் பையன் ஜெயிச்சிட்டான்டா' என்ற
சத்தத்துக்கு நடுவில்தான் கோப்பை வாங்கினான்.

அப்புறம் கம்பெனி கைமாறியது. இன்னொரு கம்பெனி.
பிறகு பதினேழு வருஷம் யாருமே இல்லை.
சம்பளம் வராத அந்த மழைகளில்
பின்கட்டுக் கதவுகள் எங்கள் அடுப்புக்கு வந்தன.
பொய் சொல்வானேன், ஈட்டி நின்று எரியும்.
பெரிய ஹாலில் குருசம்மாளின் ஆடு குட்டி போட்டது.
பியானோவை யாரும் விறகாக நினைக்கவில்லை.
அம்மா மட்டும் ஒருநாள் போய்
மூடியைத் திறந்து, ஒரே ஒரு கட்டையை அழுத்திக் கேட்டுவிட்டு
'இதுக்கா' என்றாளாம்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.
தங்கச்சன் அடுப்பை அடித்தார், ஆட்டை அடித்தார்,
மூக்கனிடம் வந்ததும் பேனாவைக் கொஞ்சநேரம் மூடி வைத்தார்.
'ஆளுகள் ரெஸ்ட் எடுக்க வர்றாங்க, மோளே.'
கணப்புகளும் ஜன்னல்களும்
கண்ணாடிச் சட்டத்துக்குள் போயின.

தச்சன் செய்த கால் விரற்கடை குட்டை.
ஒருபக்கம் சாய்ந்தே நிற்கிறது பியானோ.
அடியில் அட்டை மடித்து வைக்கச் சொல்கிறார்கள்.
நான் வைப்பதில்லை.
போன வாரம் கொச்சியிலிருந்து வந்த ஒருவர்
'இதென்ன, நொண்டுதே' என்றார்.
எங்கள் வகையறா, என்றேன்.
சிரித்தார்.
சர்க்கரையில்லாமல் ஒரு டீ என்றார்.